புதுப்பிப்பு: சம்பளத் துண்டில் தமிழ்ப் பெயர் அறுபடுவது சரியாகிவிட்டது

உதவிய எல்லாருக்கும் நன்றி. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துச் சம்பளத் துண்டில் பெயர்கள் பாதியில் அறுந்து, கடைசியில் கேள்விக்குறி விழுகிறது என்று கேட்டிருந்தேன். துண்டை அச்சிடும் பழைய நிரலில் ‘பிஎச்பி 6 வந்ததும் சரியாகும்’ (பிஎச்பி என்பது அந்த நிரலை எழுதிய கணினி மொழி, 6 அதன் பதிப்பு) என்று எனக்கு முன் இருந்தவர் எழுதி வைத்திருந்தார். நானும் அதை நம்பினேன், வெட்கம்தான்!

பிஎச்பி 6 வரவே வராது என்று இங்கே ஓர் அண்ணன் சொன்னதே சரி. எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடான யுனிகோடை மொழிக்கு உள்ளேயே கொண்டுவரும் அந்த முயற்சி 2010இல் கைவிடப்பட்டது. 2015 டிசம்பரில் நேராக 7 வந்தது.

மாரியம்மா என்ற பெயர் கணினிக்கு 27 பைட் (சேமிக்கும் அலகு). நிரல் 20 பைட்டில் வெட்டியது. இங்கே முதலில் சொன்ன எம்பி_சப்ஸ்டர் (எழுத்தையும் கால், கொம்பு, புள்ளியையும் தனித்தனியாக எண்ணி வெட்டும் கட்டளை) 6 என்று போட்டால் கேள்விக்குறி போனது, ஆனால் புள்ளியும் போய் ‘மாரியம’ என்று வந்தது. வேலை செய்தது, நாம் படிக்கும் முழு எழுத்தாக எண்ணி வெட்டும் கிராபீம்_சப்ஸ்டர்தான்: அதற்கு மாரியம்மா 5 எழுத்து. அதற்கு சர்வரில் இன்ட்ல் என்ற பிஎச்பி கூடுதல் தொகுப்பை இயக்க வேண்டும், மறக்காதீர்கள்.

எதிர்பாராதது ஒன்று: க்ஷ அதற்கு இரண்டு எழுத்து. 6 எழுத்தில் வெட்டியதும் பாக்கியலக்ஷ்மி அக்கா ‘பாக்கியலக்’ ஆகிவிட்டார். கடைசியில் பெயர்க் கட்டத்தையே அகலமாக்கிவிட்டேன்.