கேடிஸ் ஈக்குத் தமிழில் என்ன சொல்வது? ‘மயிர்ச்சிறகி’க்கு என் வாக்கு

அனைவருக்கும் வணக்கம்.

கேடிஸ் ஈ (caddisfly) தண்ணீரில் புழுவாக வளர்ந்து, பிறகு சிறகு முளைத்துப் பறக்கும் பூச்சி; அதன் புழுக்களில் பல, மணலாலோ இலையாலோ தன்மேல் குழாய் கட்டிக்கொள்ளும். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடி நம் குழுவில் மூன்று நாளாக வந்த மடல்களை ஒன்று விடாமல் படித்தேன். கூண்டுப்புழு, நீரந்து, முடியிறகி என்று மூன்று சொற்கள் களத்தில் இருக்கின்றன. எனக்கு இது அவசரத் தேவை. பழனி மலையின் மேல்பகுதி ஓடையொன்றில் கிடைத்த புது கேடிஸ் இனத்தை விளக்கி எழுதிக்கொண்டிருக்கிறோம். கட்டுரை அச்சாகும்வரை அதன் பெயரை இங்கே சொல்ல இயலாது. விலங்குப் பெயரீட்டு விதிப்படி பெயர்தான் லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும். விளக்கம் எந்த மொழியிலும் இருக்கலாம். அதனால் முழு விளக்கத்தையும் தமிழிலும் எழுதி, பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்க ஆசைப்படுகிறேன். அவர்கள் ஊர்த் தண்ணீரில் வாழும் உயிர் அது.

முதலில் ‘ஈ’யை விட்டுவிடுவோம். ஈக்கு இரண்டே சிறகு. இதற்கு நான்கு; உட்காரும்போது அவற்றைக் கூரை போலச் சாய்த்து மடக்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் ஈ என்று அழைத்தார்கள் என்பதற்காக நாமும் அந்தப் பிழையைச் சுமக்க வேண்டியதில்லை.

கூண்டுப்புழு நல்ல சொல். ஆனால் அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. நெல் வயலில் இலை நுனியைக் கத்தரித்துச் சுருட்டி, அந்தக் குழாய்க்குள் இருந்தபடி தண்ணீரில் மிதக்கும் புழுவைத்தான் உழவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். வயலில் மண்ணெண்ணெய் கலந்து, கயிற்றைப் பயிர்மேல் இழுத்து உதிர்ப்பார்களே, அதே புழு. நம்முடையதும் தண்ணீரில்தான் இருக்கிறது, கூண்டோடுதான் இருக்கிறது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் குழப்பம் நிச்சயம்.

அந்த நெற்புழு வளர்ந்தால் அந்துப்பூச்சி ஆகும். இளமையில் தண்ணீருக்குள் வாழும் உண்மையான அந்துகள் வேறு சிலவும் உண்டு. ‘நீரந்து’ என்ற சொல்லை அவற்றுக்கென்று விட்டுவைப்பதுதான் நியாயம். கேடிஸ், அந்துக்கு நெருங்கிய உறவு என்று ஒரு நண்பர் எழுதியது முற்றிலும் சரி. வண்ணத்துப்பூச்சியும் அந்தும் அடங்கிய வரிசைக்கு (வரிசை என்றால் பூச்சிகளின் ஒரு பெரும்பிரிவு, order) மிக நெருங்கிய வரிசை இதுதான். ஆனால் அந்தைப் பிடித்தால் விரலில் பொடி ஒட்டும். அது சிறகின் செதில். இதைப் பிடித்தால் பொடி ஒட்டாது. சிறகு முழுக்க மெல்லிய மயிர்.

ஆங்கிலேயப் பூச்சியியலாளர் கிர்பி 1813இல் இந்த வரிசைக்குப் பெயர் வைத்தபோது பிடித்துக்கொண்டதும் அதைத்தான். டிரைக்காப்டெரா என்றால் கிரேக்கத்தில் மயிர்ச்சிறகு. நாமும் நேராக மயிர்ச்சிறகி என்றே சொல்லலாமே? ‘மயிர்’ வகுப்பறையில் சொல்லக் கூசும் சொல், ‘முடி’ போதும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். மயிரிழையில் உயிர் தப்பினார் என்று செய்தித்தாள் எழுதுகிறது, நாம் படிக்கிறோம். மயிர்க்கால், மயிர்க்கூச்செறிதல் எதிலும் கூச்சம் இல்லை. வசையாக ஆகிவிட்டது என்று ஒவ்வொரு சொல்லாகக் கைவிட்டுக்கொண்டே போனால் நம்மிடம் என்ன மிஞ்சும்? என் வாக்கு மயிர்ச்சிறகிக்கு.

அப்புறம், புழு தன்மேல் கட்டிக்கொள்ளும் பொருளுக்கு என்ன பெயர்? எனக்கு இதுதான் பெரிய கேள்வி.

போன மாதம் வட்டக்கானல் பக்கம் ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினோம். அடியில் நெல்மணி நீளத்துக்கு, லேசாக வளைந்த ஒரு மணல் குழாய். வெள்ளையும் கறுப்புமாகக் கற்துணுக்குகள், சுவர் எழுப்பினாற்போல ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன. வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அதைப் போட்டுக் காத்திருந்தோம். சிறிது நேரத்தில் முன்வாயிலிருந்து பழுப்புத் தலை, பிறகு ஆறு கால்கள். குழாயை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. புல் நுனியால் தொட்டதும் உள்ளே போய்விட்டது. எங்களுடன் வந்த பூம்பாறைப் பெரியவர், “சட்டை போட்ட புழுங்க இது” என்றார். பிறகு அவரே, “சட்டைன்னா பாம்பு மாதிரி கழட்டிப் போட்டுறணும். இது கத்தி உறை மாதிரியில்ல இருக்கு, உள்ள போகுது, வெளிய வருது” என்று திருத்திக்கொண்டார்.

உறை! எத்தனை பொருத்தம். வாயில் சுரக்கும் பட்டுநூல் தண்ணீருக்குள்ளேயே ஒட்டும். அதை வைத்து மணலைக் கோக்கிறது. வளர வளர முன்பக்கம் சேர்த்துக் கட்டுகிறது. வால்முனைக் கொக்கிகளால் உள்ளிருந்தே உறையைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே இது உறைப்புழு. இலையால் கட்டினாலும் குச்சியால் கட்டினாலும் பெயர் பொருந்தும்.

‘கூடு’ வேண்டும் என்பவர்களுக்கும் இடம் இருக்கிறது. முழு வளர்ச்சி அடைந்ததும் புழு உறையைக் கல்லில் ஒட்டி, இரு முனையையும் அடைத்து, உள்ளே கூட்டுப்புழு (புழுவுக்கும் சிறகுள்ள பூச்சிக்கும் இடைப்பட்ட பருவம், pupa) ஆகிறது. அந்த நிலையில் அதைக் கூடு என்போம். நடமாடும்வரை உறை, அடைத்தபின் கூடு. எங்கள் வேலைக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. இனத்தைப் பிரித்தறிவது பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்பை வைத்து. புழுவைப் பார்த்து எந்த இனம் என்று சொல்வது கடினம். ஆனால் முதிர்ந்த ஆண் கூட்டுப்புழு உள்ள கூட்டைத் திறந்தால், புழுப்பருவத்தில் உரித்த தோலின் கெட்டித் துண்டுகளும், உருவாகி முடிந்த ஆணுறுப்பும் ஒரே இடத்தில் கிடைக்கும். இந்தப் புழு இந்த மயிர்ச்சிறகியின் பிள்ளைதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எல்லாமே உறை கட்டுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. சில, கல்லிடுக்கில் வலை கட்டி, ஓடிவரும் நீரில் உணவை வடிகட்டும். அவற்றை வலைப்புழு எனலாம். 16,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பொதுவாக நிற்கக்கூடியது மயிர்ச்சிறகி மட்டும்தான்.

இன்னும் இரண்டு சொல், சுருக்கமாக. ஹோலோடைப்புக்கு ‘ஒற்றைப் பெயர்தாங்கி’ என்று எழுதியிருக்கிறேன். இனத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஒரேயொரு மாதிரிப் பூச்சி அது. ஆல்பைன் (உயர்மலை) ஓடையைச் சோலை (நம் மலைப் பள்ளத்துக் காடு) ஓடை என்று மொழிபெயர்க்க வேண்டாம். ட்ரூசஸ் என்னும் மயிர்ச்சிறகிப் பேரினத்து உறைப்புழுக்கள் வாழும் ஆல்ப்ஸ் ஓடைகளில் பனியும் பனியாறும் உருகி ஓடுகின்றன. நம் ஓடைகளுக்கு மழையும், அதைப் பிடித்துவைத்து மெல்லக் கசியவிடும் புல்வெளியும் சோலையும்தான் ஊற்று. இரண்டும் ஒன்றல்ல.

வலைப்புழு என்ற பெயர் ஏதாவது பயிர்ப்பூச்சிக்கு ஏற்கெனவே வழங்குகிறதா? வேளாண் துறையில் இருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.