அப்பாவுக்கு அஸ்பெஸ்டாசிஸ்னு (அஸ்பெஸ்டாஸ் தூசியால வர்ற நுரையீரல் நோய்) சொல்லிட்டாங்க, கம்பெனியே இப்ப இல்ல, யார்கிட்ட போய் கேக்குறது?

சயான்_முத்து:
நாங்க மும்பை சயான் கோலிவாடா, சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம். அப்பாவுக்கு 66 வயசு. 1988ல இருந்து 2004 வரைக்கும் தானே பக்கம் ஒரு பிரேக் லைனிங் கார்கானால வேலை, பேரு வேண்டாம். முதல் ஆறு வருஷம் டேக்கேதார், அதாவது கான்ட்ராக்டர் கீழ வேலை, அப்புறம்தான் பர்மனென்ட் ஆக்கி ஈஎஸ்ஐ பிடிச்சாங்க. அஸ்பெஸ்டாஸ் மூட்டைய பிளேடால கிழிச்சு கையாலயே மிக்சர்ல கொட்டணும், பிறகு கிரைண்டிங் மெஷின். மூக்குல கட்ட ஒரு துண்டு, அவ்ளோதான். வீட்டுக்கு வரும்போது புருவம் எல்லாம் வெள்ளையா மாவு மில்லுக்காரர் மாதிரி இருப்பாருன்னு அம்மா இப்பவும் சொல்லி சிரிப்பா.

2016ல இருந்து மூச்சு வாங்குது, வறட்டு இருமல். டிபின்னு சொல்லி ரெண்டு தடவ கோர்ஸ் குடுத்தாங்க, சளி டெஸ்ட்ல ஒரு தடவ கூட கிருமி வரல, ஆனா மாத்திரை மட்டும் முழுசா முழுங்கினாரு. போன மாசம் ஹெச்ஆர்சிடின்னு நுரையீரல் ஸ்கேன் பார்த்த டாக்டர்தான் முதல் தடவையா "எங்க வேலை பார்த்தீங்க?"ன்னு கேட்டாரு, இத்தனை வருஷத்துல யாரும் கேக்கல பாருங்க. கம்பெனி வேற ஆளுக்கு கைமாறி, அந்த இடத்துல இப்ப டவர் நிக்குது. மாமா போனது போச்சு விடுலேங்கிறாரு. ஏதாவது வழி இருக்கா?

அந்தேரி_கணேசன்:
சொல்ல கஷ்டமா இருக்கு பிரதர், ஆனா உங்க மாமா சொல்றதுதான் நடக்கும். முதல் நாளே எதிர் வக்கீல் "உங்க அப்பா பீடி குடிப்பாரா"ன்னு கேப்பான், நீங்க ஆமான்னா கதை முடிஞ்சுது. நம்ம நாட்டுல அஸ்பெஸ்டாசுக்கு இன்னும் முழுத் தடையே கிடையாது, தடை கேட்டுப் போன மனுவ 2011ல சுப்ரீம் கோர்ட்டே தள்ளிடுச்சு. வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வந்துட்டுதான் இருக்கு.

பழைய_யூனியன்காரன்:
கணேசன், தடை இல்லங்கிறது வேற, நஷ்டஈடு கிடையாதுங்கிறது வேற, ரெண்டையும் போட்டு குழப்பாதீங்க. பீடி விஷயமும் தப்பு. அஸ்பெஸ்டாசிஸ் பீடி குடிச்சு வராது, அஸ்பெஸ்டாஸ் நாரை சுவாசிச்சாதான் வரும். நுரையீரல் கேன்சர்னாதான் புகையும் நாரும் சேர்ந்து ஆபத்த பல மடங்கு ஏத்தும், அப்பவும் நாரோட பங்கு இல்லன்னு ஆயிடாது.

முத்து தம்பி, 1995 ஜனவரில சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, அகமதாபாத்ல உள்ள நுகர்வோர் அமைப்பு ஒண்ணு போட்ட கேஸ். தொழிலாளியோட ஆரோக்கியம் அரசியல் சட்டம் 21வது பிரிவுல வர்ற வாழ்வுரிமைக்குள்ள அடங்கும்னு சொன்னது அதுலதான். அதைவிட உங்களுக்கு வேண்டிய வரி ஒண்ணு அதுல இருக்கு. ஒவ்வொரு தொழிலாளியோட ஹெல்த் ரெக்கார்டையும் வேலைக்கு சேர்ந்ததுல இருந்து 40 வருஷம், இல்ல வேலைய விட்டதுல இருந்து 15 வருஷம், இதுல எது பின்னாடி வருதோ அதுவரைக்கும் வச்சிருக்கணும். உங்க அப்பா கணக்கு போட்டா 2028. அதனால கம்பெனிய வாங்கினவன் பேர்லயும் சேர்த்து நோட்டீஸ் அனுப்பி ரெக்கார்ட கேளுங்க. எங்ககிட்ட இல்லன்னு எழுதி குடுத்தா அதுவும் உங்களுக்கு ஒரு சாட்சி, பத்திரமா வைங்க.

பர்மனென்ட்டா இருந்த காலத்துக்கு ஈஎஸ்ஐலதான் கேக்கணும், அந்த காலத்துக்கு கம்பெனி மேல தனியா நஷ்டஈடு கேஸ் போட முடியாது, ஈஎஸ்ஐ சட்டம் 53வது பிரிவு தடுக்குது. நிறைய பேரு இது தெரியாம வக்கீலுக்கு காசு குடுத்து ஏமாறுறாங்க. டேக்கேதார் கீழ இருந்த ஆறு வருஷத்துக்கு ஈஎஸ்ஐ இல்லன்னா நஷ்டஈடு கமிஷனர்கிட்ட போகலாம், அங்க கான்ட்ராக்ட் ஆளுக்கும் முதலாளி கம்பெனிதான் பொறுப்பு. ரெண்டு வருஷக் கெடு உண்டு, தகுந்த காரணம் காட்டினா தாமதத்த மன்னிக்கலாம், இத்தனை வருஷம் டிபின்னே சொன்னாங்கங்கிறத விட வேற என்ன காரணம் வேணும்? ஆனாலும் இனிமே ஒரு மாசம் கூட தள்ளாதீங்க. நான் சொல்றது பழைய சட்டங்களோட நம்பர், 2025 நவம்பர்ல எல்லாத்தையும் புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள கொண்டு போயிட்டாங்க, வக்கீல்கிட்ட இப்ப எந்தப் பிரிவுன்னு கேட்டுக்குங்க.

டோம்பிவிலி_மல்லிகா:
எங்க மாமனார் பாய்லர் லேகிங், அதான் பாய்லருக்கு சூடு வெளிய போகாம மேல பொதியிற வேலை பார்த்தவரு, இதே நோய்தான், போய் சேர்ந்துட்டாரு. அண்ணா சட்டம் சொல்லிட்டாரு, நான் பேப்பர் விஷயம் சொல்றேன். பழைய ஈஎஸ்ஐ கார்டு, பிஎஃப் சீட்டு, தீபாவளி போனஸ் கவர் கூட விடாதீங்க. கூட வேலை பார்த்தவங்க ரெண்டு பேராவது அஃபிடவிட் குடுக்கணும், யாரு மூட்டை கிழிச்சா யாரு கிரைண்டிங்ல நின்னான்னு தெளிவா எழுதி. எங்களுக்கு முக்காதம் (மேஸ்திரி) ஒருத்தர் வந்து சொன்னாரு, அதுதான் கடைசி வரைக்கும் நின்னுச்சு.

இன்னொண்ணு, அந்த டாக்டர் ஃபேக்டரி சீஃப் இன்ஸ்பெக்டருக்கு எழுத்துல ரிப்போர்ட் அனுப்பணும், பழைய ஃபேக்டரீஸ் சட்டத்துல 89வது பிரிவு. முன்னாடி வேலை பார்த்தவங்களுக்கும் இது பொருந்தும். பாதி டாக்டருக்கு இது தெரியவே தெரியாது, பிரிண்ட் எடுத்துட்டுப் போய் கையில குடுங்க. உங்க சயான்லயே மத்திய தொழிலாளர் நிறுவனம் இருக்கு, தொழில் மருத்துவப் பிரிவு உண்டு, தூசி நோய்க்கு எக்ஸ்ரேய ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) முறைல படிக்கத் தெரிஞ்சவங்க யாருன்னு அங்க விசாரிங்க.

அப்புறம் அப்பா வேலைத்துணிய யாரு துவைச்சாங்க?

சயான்_முத்து:
அம்மாதான் அக்கா. உதறிட்டுதான் ஊறப்போடுவா, சால்ல, வரிசை வீட்டுல வேற இடம் ஏது, வாசல்லயே. நீங்க கேட்டப்பதான் உறைச்சுது. அம்மாவுக்கும் திங்கக்கிழமை எக்ஸ்ரே எடுக்கப் போறோம்.

பரண்ல தேடினேன், ஈஎஸ்ஐ கார்டும் 1997 சம்பளச் சீட்டு நாலும் கிடைச்சிருக்கு. டேக்கேதார் காலத்துக்கு ஒண்ணும் இல்ல, ஆனா அப்பா கூட மிக்சர்ல நின்ன ஒருத்தர் கல்யாண்ல இருக்காராம். அவருக்கும் டிபி மாத்திரைதான் ஓடிட்டிருக்காம்.