பாரிட் வாய்க்காலில் வெள்ளை நுரை: பாக்டரியை மூட வேண்டுமா?

செம்பனைக்காரன்:
காலை ஐந்தரைக்குக் குலை வெட்டப் போகும்போது பார்த்தேன், பாரிட் முழுக்க வெள்ளை நுரை, அதன்மேல் நகக்கண் அளவு நீலத் துணுக்குகள், பாட்டில் மூடி அரைத்தது. தோட்டத்துக்குப் பின்னால் பழைய பிளாஸ்டிக் கழுவுகிறார்களே, அங்கிருந்துதான். 2018இல் சீனா பிளாஸ்டிக் குப்பை இறக்குமதிக்குக் கதவை அடைத்ததும் ஊர் உலகத்துக் குப்பையெல்லாம் சிலாங்கூரில் நம் கோல லங்காட் பக்கம் வந்து, இங்குள்ள ஜெஞ்சாரோம் ஊர் பட்ட பாடு மறந்துவிட்டதா? இழுத்து மூடுங்கள்.

நைட்ஷிப்ட் மணி:
அண்ணே, ஜெஞ்சாரோமில் மூக்கைப் பொத்த வைத்தது எரித்த புகை, இது தண்ணீர். நான் வேறொரு பாக்டரியில் கழிவுநீர் பிளாண்ட் ஓட்டுகிறேன். லேபிள் பசை போகச் சூடான காஸ்டிக் சோடாவில் கழுவுவதால் வருகிற தண்ணீரில் காரம், சோப்பு, பாட்டிலில் மிஞ்சிய பால், எண்ணெய் எல்லாம் கலந்து கஞ்சி மாதிரி இருக்கும். சல்லடையில் வடித்து, ஆசிட் விட்டுக் காரத்தை இறக்கி, படிகாரமும் பாலிமரும் போட்டால் அழுக்கு திரிந்த பால் போலத் திரளும். ஆனால் தண்ணீர் பாட்டில் துணுக்கு அமிழும், மூடித் துணுக்கு மிதக்கும், அதனால் சும்மா தெளிய விட்டால் போதாது, அடியிலிருந்து பொடிக் குமிழ் விட்டு மேலே தூக்கி வழிக்க வேண்டும். அப்புறம் கரைந்த அழுக்கைத் தின்னக் கிருமித் தொட்டி, அதற்கு ராப்பகலாகக் காற்று. எல்லாம் முடிகிற வேலைதான்.

செம்பனைக்காரன்:
முடியும் தம்பி, செய்கிறார்களா? நுரை ஏன் விடியற்காலையில் மட்டும் வருகிறது?

நைட்ஷிப்ட் மணி:
ராத்திரியில் தொட்டிக்குக் காற்று ஊதும் புளோவரை நிறுத்தினால் கரண்ட் காசு மிச்சம். அதைப் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் மலேசியாவின் 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறை இருக்கிறதே, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே என்றால் பிஓடி, அதாவது அழுக்கைத் தின்னக் கிருமிக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு, லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான், மற்ற இடத்தில் கொஞ்சம் கூடுதல். அதைப் பிடித்துக் கேட்கலாம்.

லயத்துப் பிள்ளை:
அந்தப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தூளுக்கு ஒரு வரிகூட இல்லையே. நீங்கள் வழித்தெடுக்கிற சேற்றிலும் அதுதானே இருக்கிறது? அதை ஏற்றும் லோரி எங்கே போகிறது?

நைட்ஷிப்ட் மணி:
எங்கள் லோரி உரிமம் உள்ள இடத்துக்குப் போகிறது. எல்லார் லோரிக்கும் நான் சாட்சி சொல்ல முடியாது.

செம்பனைக்காரன்:
புகார் கொடுத்தால் சுற்றுச்சூழல் இலாகா ஆபீசர் பத்து மணிக்கு வருகிறார், அப்போது பாரிட் பளிங்கு மாதிரி ஓடும். நாளை விடியற்காலையில் நானே அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கப் போகிறேன்.

நைட்ஷிப்ட் மணி:
கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள் அண்ணே, பிளாஸ்டிக் வேண்டாம். ஐஸ் பெட்டியில் வைத்து நேரம் எழுதுங்கள், போட்டோவும் எடுங்கள். கேஸ் என்று வந்தால் மாதிரியை இலாகாக்காரர்களேதான் எடுக்க வேண்டும், ஆனால் எந்த மணிக்கு வர வேண்டும் என்று நீங்கள் காட்டிவிடலாம்.