நூலகர் நாள் விழாவில் நூலகப் பணியாளர்களுக்கு என்ன இடம்?

சேர்க்கை எண் (புனைபெயர்; வினா)

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில் உதவி நூலகராகப் பணியாற்றுகிறேன். ஆகஸ்ட் 12 அன்று வரும் தேசிய நூலகர் நாளை நடத்தும் பொறுப்பை இந்த ஆண்டு என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொன்னால் என் தயக்கம் புரியும். சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். மேடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் நாக் அவைக்கான அறிக்கைக்காகப் படங்கள் எடுக்கப்பட்டன. முப்பத்தொரு ஆண்டுகளாக அடுக்குகளைக் காத்துவரும் எங்கள் அலுவலக உதவியாளர், தம் துறையின் விழாவில் தட்டேந்தி எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். விழா முடிந்ததும் நாற்காலிகளை எடுத்து அடுக்கியவரும் அவர்தான்.

எங்களிடம் பணிநிலையானவர்கள் பதினொருவர், தொகுப்பூதியத்தில் எண்மர். ஒதுக்கீடு பதினைந்தாயிரம் ரூபாய். தேர்வுக் காலம் என்பதால், நூல்களைக் கொடுத்து வாங்கும் வழங்கு பிரிவை மூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பிற்பகலுக்குள், பணியாளர்கள் புதிதாக எதையேனும் கற்கும்படியும், அது அவர்களுக்கு விழாவாகவும் இருக்கும்படியும் என்ன செய்யலாம்? உங்கள் நூலகங்களில் செய்து பார்த்தவற்றைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய கோலன்

ஓய்வுபெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் இந்த நாள் வந்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். (இது இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். அரங்கநாதனின் பிறந்தநாள். அந்தச் சீர்காழிக்காரர் பிறந்தது ஆகஸ்ட் 9 என்றும், பதிவில் 12 என்று ஏறிவிட்டது என்றும் சொல்வார்கள், விழாவை நாம் பதிவின்படியே கொண்டாடுவோம்.)

ஒவ்வோர் ஆண்டும் அரங்கநாதன் நூலகவியலுக்கு வகுத்த ஐந்து விதிகளை மேடையில் ஒப்பிக்கிறோம். அவர் நூலகரான கதையைப் பணியாளர்களுக்குச் சொல்வதே இல்லை. மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்து, ஆள் நடமாட்டம் இல்லாத அந்த அமைதியைத் தாங்க முடியாமல், வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டவர். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து முடிவு செய்யுங்கள் என்று சொல்லித்தான் அவரை அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய கடையில், துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் வைத்தே விதவிதமான பொம்மைகள் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். மெக்கானோ என்னும் அந்த விளையாட்டுப் பொருளைப் பார்த்தபோதுதான், நூற்பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துப் பின் இணைக்கலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையாக 1933இல் வெளிவந்தது அந்த எண்ணம்தான்.

பணியில் இருந்தபோது ஒருமுறை இதையே பயிற்சியாக்கினேன். வாசகர்கள் மேசையில் விட்டுப் போன இருபது நூல்களை எடுத்து வைத்து, இருவர் இருவராக உட்காரச் சொன்னேன். எந்தப் பொருளைப் பற்றியது, அது எதனால் ஆனது, அதில் என்ன செயல் நடக்கிறது, எந்த இடம், எந்தக் காலம் என்னும் ஐந்து கேள்விகளுக்கும் ஐந்து அட்டைகளில் விடை எழுத வேண்டும். தஞ்சை மாவட்டப் பாசனம் பற்றிய ஒரு நூலை எடுத்துக்கொண்ட எங்கள் காவலர், "காலம்" என்ற அட்டையில் "மேட்டூர் அணைக்கு முன்னே" என்று எழுதினார். நூலகவியலில் முதுநிலைப் பட்டமான எம்.லிப். முடித்தவர்கள் அந்த அட்டையை வெறுமையாக விட்டிருந்தார்கள். அவர் நூலைப் புரட்டிப் பார்த்திருந்தார். அவர்கள் தலைப்பை மட்டும் பார்த்திருந்தார்கள். அன்றைய சிரிப்பு வெகுநேரம் அடங்கவில்லை. செலவு அட்டைகளுக்கும் சுண்டலுக்கும் மட்டும்தான்.

மேலடுக்கு

பழைய கோலன் ஐயா சொன்னது நல்ல யோசனை. இருந்தாலும் ஒரு பிற்பகலில் தீரும் குறை இதுவன்று என்பதை வினவியவருக்குச் சொல்ல வேண்டும். உதவி நூலகர்களாகிய நமக்குப் பதவி உயர்வுக்குப் புத்தாக்கப் பயிற்சி கட்டாயம் என்பதால், பல்கலைக்கழகமே அனுப்பி வைக்கிறது. நூலக உதவியாளருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை, ஆகவே வாய்ப்பும் வருவதில்லை. கோஹா என்னும் நூலக மேலாண்மை மென்பொருளை எங்கள் நூலகத்தில் நிறுவியபோது பயிற்சிக்குப் போனவர்கள் இருவர். அன்றாடம் அதில் நூல் வழங்கி, திரும்பப் பெற்று, வாசகரிடம் திட்டும் வாங்குகிறவர்கள் ஐவர். அந்த ஐவரும் பக்கத்து இருக்கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

தஞ்சாவூர் சரசுவதி மகாலுக்கோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ ஒருநாள் அழைத்துச் செல்லும் எண்ணம் இருந்தால், முதலில் எழுத்து வடிவில் ஆன் டியூட்டி ஆணை வாங்கிவிடுங்கள். நாங்கள் தஞ்சைக்குப் போய் ஓலைச்சுவடிகளைப் பேணும் முறையைப் பார்த்துத் திரும்பினோம். எலுமிச்சைப்புல் எண்ணெய் ஏன் தடவுகிறார்கள் என்று எங்கள் பைண்டர் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லவே அரைமணி நேரம் ஆயிற்று. மாதக் கடைசியில் பார்த்தால், தொகுப்பூதியப் பணியாளர்கள் மூவருக்கு அந்த ஒருநாள் ஊதியத்தைப் பிடித்திருந்தார்கள். நீங்கள் காட்டிய அக்கறைக்கு அவர்கள் காசு கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது.

இன்னொன்று. நம் நூலகங்களில் யாரும் அழைக்காமலே எல்லோரும் கூடுகிற விழா ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஆயுத பூசையன்று தேதி முத்திரைக்கும் பசைக் கிண்ணத்துக்கும் பைண்டிங் கத்திக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை பங்கிடும்போது, நாற்காலி வரிசையும் இல்லை, மேடையும் இல்லை. எங்கள் பிரிவில் இசுலாமியத் தோழர் ஒருவரும் கிறித்தவத் தோழியர் இருவரும் இருப்பதால், அதையே நூலகர் நாளாக மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் கருவிகளை நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி நிற்கும் அந்த அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கொக்குவிலான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஒக்ரோபர் தேசிய வாசிப்பு மாதம். எங்கள் நிகழ்வுகளும் பெரும்பாலும் பரிசளிப்பு, உரை, குழுப்படம் என்றே முடியும். ஒருமுறை மட்டும் வேறு விதமாகச் செய்தோம்.

1981 மே 31 இரவு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இளவயதில் ஒவ்வொரு மாலையும் வாசித்த மூத்தவர் ஒருவரை அழைத்தோம். ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்ற கணக்கு எங்கள் இளம் பணியாளர்களுக்குத் தெரியும். அந்தக் கட்டடத்துக்குள் ஒரு வாசகர் எப்படி நடந்தார் என்பது தெரியாது. பேச வேண்டாம், ஐயா, வரைந்து காட்டினால் போதும் என்று வெள்ளைத்தாளைக் கொடுத்தோம். அவர் வாசலை வரைந்தார், செருப்பைக் கழற்றி வைத்த இடத்தை வரைந்தார், பத்திரிகை மேசையில் தாம் வழக்கமாக இருந்த கதிரையைக் குறித்தார். ஓரிடத்தில் பேனை நின்றது. "இதில ஒரு அலுமாரி இருந்தது, என்ன புத்தகம் எண்டு மறந்துபோனன்" என்றார். வாசகர் கேட்பதைத் தேடிக் கொடுக்கும் உசாத்துணைப் பகுதியில் வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி, அருகில் இருந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு அந்த அலுமாரியை நிரப்ப முயன்றாள். ஒரு வாசகரின் அரைகுறை நினைவிலிருந்து நூலைக் கண்டுபிடிப்பதுதானே அவளது அன்றாட வேலை. அதைவிட நல்ல உசாத்துணைப் பயிற்சியை நான் கண்டதில்லை.

அரங்கநாதனின் பெயரை எடுத்தபடியால் இதையும் சொல்லலாம்: அந்த நூலகக் கட்டடம் அமைந்தபோது ஆலோசனை வழங்கியவர்களில் அவரும் ஒருவர்.

உங்கள் ஊரிலும் பழைய வாசகர் ஒருவர் கட்டாயம் இருப்பார். பொன்னாடைக்கு ஒதுக்கும் காசை அவரை வாகனத்தில் அழைத்துவரச் செலவிடுங்கள்.

சேர்க்கை எண்

மூவருக்கும் நன்றி. வழங்கு பிரிவை மூடாமல் இருக்க, பணியாளர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து, ஐந்து அட்டைப் பயிற்சியைப் பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இருமுறை நடத்துவதாக இருக்கிறேன். ஊதியப் பிடித்தம் பற்றிய எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்தது. தஞ்சைப் பயணத்துக்கான கோப்பை ஆணையோடு சேர்த்தே அனுப்புகிறேன்.

இதையெல்லாம் படித்தபின், அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே என்று தோன்றியதால், அந்த அலுவலக உதவியாளரிடமே போய், இந்த விழாவில் என்ன வேண்டும் அண்ணே என்று கேட்டேன். கையிலிருந்த நூல்களை அடுக்கில் செருகி முடிக்கும்வரை அவர் பதில் சொல்லவில்லை. பிறகு, "எங்க வீட்டுக்காரம்மா இந்தக் கட்டடத்துக்குள்ள வந்ததே இல்ல சார். நான் எங்க வேலை பார்க்கிறேன்னு ஒரு நாள் காட்டணும்" என்றார்.

ஆகவே பிற்பகல் நான்கு மணிக்குப் பணியாளர்களின் குடும்பத்தினரை அழைத்து, அவரவர் பிரிவை அவரவரே சுற்றிக் காட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். காபி கொடுப்பதற்குக் கேன்டீனிலிருந்து இரண்டு பேரைச் சொல்லிவிட்டேன். வாசகர் அடையாள அட்டை இல்லாதவர்களை அடுக்குப் பகுதிக்குள் அனுமதிக்கப் பதிவாளரின் ஒப்புதல் வேண்டுமா, நூலகரின் கையொப்பமே போதுமா? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால், நாளைக்கே குறிப்பு எழுதிவிடுவேன்.