தினம் 60 கி.மீ. ஓட்டத்துக்கு எந்த செடான்: ஹைபிரிடா, சிவிடி பெட்ரோலா?

வணக்கம் நண்பர்களே. போக வர தினமும் 60 கி.மீ. அதில் 40 நெரிசலில் ஊர்ந்து, மீதி 20 நெடுஞ்சாலை. ஐந்து வருஷம் ஓடிய செடான் ஒன்று எடுக்க வேண்டும்.

டீசலை ஒதுக்கியாயிற்று. நெரிசலில் சைலன்சர் பக்கம் போதுமான சூடு ஏறாது, டிபிஎஃப் வடிகட்டியில் சேரும் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும்.

ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் உள்ள வண்டி) நெரிசலில்தான் லாபம். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது. சீராக 100-ல் போனால் அந்த லாபம் குறையும். என் பயமெல்லாம் பேட்டரி மேல்தான். பல மாடல்களில் பின் சீட் ஓரம் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும். அதில் தூசியும் சீட் துணியின் நூல்பஞ்சும் படிந்தால் விசிறி இரைச்சலிடும், பேட்டரி சூடாகிச் சீக்கிரம் தேயும். வண்டி பார்க்கப் போனால் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பேன்.

சிவிடி (கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) என்றால் கியர் ஆயில் மாற்றிய பில் வேண்டும். 'ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை' என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய ஆயிலில் பெல்ட் வழுக்கும். ஆக்சிலரேட்டர் மிதித்தால் இன்ஜின் மட்டும் அலறும், வண்டி நகராது.

இவற்றில் ஒன்றை 1 லட்சம் கி.மீ. தாண்டி ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: பேட்டரியோ கியர்பாக்ஸோ எத்தனை கி.மீ.யில் தகராறு செய்தது? மைலேஜ் எவ்வளவு? டேஷ்போர்டு காட்டும் எண் வேண்டாம். டேங்க் நிரப்பி, குறைந்தது 400 கி.மீ. ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிட்டதைச் சொல்லுங்கள். ஏசி ஓடியதா, டயரில் காற்று எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதினால் பெரிய உதவி.