கொண்டுவிக்கப் போனவர் கதையைப் பாடமாக்குவது எப்படி?

கேள்வி (நான்காம் வகுப்பு ஆசிரியை, காரைக்குடி அருகில்):
அனைவருக்கும் வணக்கம். நம் பகுதியிலிருந்து பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்து பொருள் ஈட்டப் போன ஒருவரின் கதையைச் சொல்லி, அதையே சமூக அறிவியல் பாடமாகவும் நடத்தத் திட்டமிட்டேன். கப்பல், பெட்டகம், ரங்கூன் என்று நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்டார்கள். மறுநாள் பர்மா எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, "தேவகோட்டைக்கு அந்தப் பக்கம்" என்றான் ஒருவன். கதை தங்கியது, பாடம் தங்கவில்லை. நாற்பது நிமிடத்தில் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

பதில் 1 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தேவகோட்டை):
ஒரே வகுப்பில் சேர்க்க வேண்டாம், டீச்சர். கதையை முடிக்காமல் ஒரு கேள்வியில் நிறுத்திவிட்டு வாருங்கள். நான் பிள்ளைகளைப் பழைய வீடு ஒன்றுக்கு அழைத்துப் போய், முகப்புத் தூணைக் கட்டிப்பிடிக்கச் சொல்வேன். கை எட்டாமல் பக்கத்துப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். "இவ்வளவு பெருத்த மரம் நம் பொட்டலில் எங்கே வளர்ந்தது?" என்று கேட்டுவிட்டு வந்தால் போதும். ஐராவதி ஆற்றில் மிதந்து ரங்கூனுக்கு வந்து கப்பலேறிய தேக்கின் வழியை, அடுத்த நாள் வரைபடத்தில் அவர்களே விரலால் தேடுவார்கள்.

பதில் 2 (ஆசிரியர், ஆத்தங்குடி):
ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம். எனக்கு ஒரு குறை உண்டு. நம் கதைகள் எல்லாம் வீட்டுக்காரரிடமே தொடங்குகின்றன. என் வகுப்பில் பாதிப் பேர் கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள், தரைக்கல் பட்டறைப் பிள்ளைகள். ஆகவே நான் தரையிலிருந்து, அதில் பதிக்கும் எங்கள் ஊர் ஆத்தங்குடிக் கல்லிலிருந்து தொடங்குகிறேன். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணத்தை ஊற்றி, உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, சாந்து போட்டு அமுக்கி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள், சூளையே கிடையாது. இதைத் தன் அப்பாவிடம் கேட்டு வந்து ஒருத்தி வரிசை தவறாமல் சொன்னபோது, கதை சொல்லும் பயிற்சியும் தொழில் பாடமும் ஒன்றாகவே முடிந்தன.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்த காலத்தில் நடந்தே ஊர் திரும்பியவர்களைப் பற்றி ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

பதில் 3 (தேவகோட்டை):
சொல்லலாம். வழியில் மாண்டவர்களை விவரிக்காமல், "நீயாக இருந்தால் எதைத் தூக்கிக்கொண்டு நடப்பாய்?" என்று கேளுங்கள். ஒன்றே ஒன்று கவனியுங்கள், டீச்சர். கதையில் நீங்கள் சேர்த்த பெட்டகமும் பேச்சும் கற்பனை, படையெடுப்பும் நடைப்பயணமும் நடந்தவை என்று கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிவிடுங்கள்.