வளரும் நாடுகளின் குரலும் சீனாவின் இடமும்

கேள்வி:
2023-இல் ஆப்பிரிக்க ஒன்றியம், பெரிய பொருளாதாரங்களின் கூட்டமைப்பான ஜி20 அமைப்பில் சேர்ந்தது. அதன்பின் எகிப்து, எத்தியோப்பியா, இந்தோனேசியா போன்ற நாடுகள் பிரிக்ஸ் அமைப்பில் இணைந்தன. வளரும் நாடுகளின் செல்வாக்கு உண்மையிலேயே உயர்கிறதா, அல்லது சீனாவின் செல்வாக்குதான் அவற்றின் பெயரால் விரிகிறதா?

முதல் பதில்:
இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன என்பது என் கருத்து. நெருக்கடியில் உள்ள நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் பன்னாட்டு நாணய நிதியத்தில் (ஐஎம்எஃப்) முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்குகள் தேவை. அமெரிக்காவிடம் மட்டும் 16 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், அது உடன்படாமல் பெரிய மாற்றம் எதுவும் நிகழாது. நிதியத்தில் வளரும் நாடுகளின் பங்கையும் வாக்கையும் உயர்த்த 2010-இல் ஒப்புக்கொள்ளப்பட்ட சீர்திருத்தமே, அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்து, 2016-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காத்திருப்புக்கு இடையில், 2014-இல், அப்போது பிரிக்ஸில் இருந்த பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளும் சமப் பங்குகளோடு புதிய வளர்ச்சி வங்கியைத் தொடங்க உடன்பட்டன. மற்ற நான்கு பொருளாதாரங்களையும் கூட்டினாலும் சீனாவுக்கு ஈடாகாது. இருந்தும் அந்த வங்கியில் சீனாவுக்குத் தனித் தடுப்பதிகாரம், அதாவது ஒரே நாடாக நின்று முடிவைத் தடுக்கும் அதிகாரம், இல்லை. இதை நான் பெரிய முன்னேற்றமாகவே கருதுகிறேன்.

இரண்டாம் பதில்:
நண்பர் சொல்வது சரியே. ஆனால் சீனா முன்னின்று தொடங்கிய ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியையும் பார்க்க வேண்டும். அங்கே பெரிய முடிவுகளுக்கு முக்கால் பங்கு வாக்குகள் வேண்டும், சீனாவிடமோ கால் பங்குக்கு மேல் இருக்கிறது. அமெரிக்காவிடம் நாம் குறை கண்ட அதே அதிகாரம்தான் இது. நேரடிக் கடன்களிலும் இதே நிலைதான்: 2020-இல் கடன் தவணை தவறிய ஆப்பிரிக்க நாடான சாம்பியாவுக்கு, மற்ற நாடுகளைவிட அதிகமாகக் கடன் கொடுத்திருந்தது சீனா. கடனைத் திருப்பிச் செலுத்தும் விதிகளை மாற்றும் மறுசீரமைப்புப் பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டதன் சுமையை அந்நாட்டு மக்களே சுமந்தார்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால், எந்த வங்கியில் யாருக்குத் தடுப்பதிகாரம் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்கிறேன்.